பொருள்: பேருந்து நிற்காமல் செல்வது தொடர்பாக

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் கடைசியில் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். டிசம்பர் 10 மனித உரிமை நாள், பேச்சுப் போட்டி வைக்கிறோம், வக்கீல் மேடம் நடுவராக வரணும் என்பார்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் ஒன்றிரண்டு பள்ளிக்காவது போய்விடுவேன். 1948-இல் ஐ.நா. பொதுச்சபை பிரகடனத்தை ஏற்றது, மொத்தம் 30 பிரிவுகள், நடுவில் ஒரு பாரதியார் வரி, இரண்டு திருக்குறள், ‘நன்றி கூறி விடைபெறுகிறேன்.’ முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பிள்ளைகள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், மூச்சு விடாமல் பேசுகிறார்கள். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால் தமிழ் ஐயாவைக் கை காட்டுவார்கள்.

அப்படி ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கிய பெண்ணிடம் கீழே இறங்கி வந்த பிறகு சும்மா கேட்டேன். “உனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு உரிமை கிடைக்கலைன்னா யார்கிட்ட போய்ச் சொல்லுவ?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஐ.நா. சபைகிட்ட” என்றாள். பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஜெனிவா தெரிகிறது, சத்துவாச்சாரி தெரியவில்லை.

சத்துவாச்சாரியில்தான் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. நான் தொழில் செய்கிற நீதிமன்றமும் அங்கேதான். ஊர் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றியவர், முறத்தை மடியில் வைத்துக்கொண்டே என் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குழந்தைத் தொழிலாளர், கொத்தடிமை, கடன் பிடித்தம் என்பதெல்லாம் எங்கள் தெருவில் புத்தகத்திலிருந்து வந்த சொற்கள் இல்லை. ஆனாலும் எந்த அதிகாரியிடம் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்பது சட்டக் கல்லூரி முடிக்கும் வரை எனக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் சட்டக் கல்லூரியிலும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீனியரிடம் குமாஸ்தாவாக இருந்தவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

பள்ளியில் மனித உரிமை சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. மதுரையின் மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு 1997-லேயே ஆரம்பித்துவிட்டது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தனிப் பாடத்திட்டம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் அவர்கள் போட்ட பாதை. இப்போது ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் மனித உரிமைகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. 2011-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைக் கல்விப் பிரகடனம் மூன்று வேலைகளைச் சொல்கிறது. உரிமைகளைப் பற்றிக் கற்பிப்பது, கற்பிக்கும் விதத்திலேயே பிள்ளைகளின் உரிமையை மதிப்பது, அந்த உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பிப்பது. முதலாவது புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது அந்தந்த ஆசிரியரின் குணத்தைப் பொறுத்தது. மூன்றாவதுக்கு ஆள் கிடைப்பதில்லை. நானும், ஓய்வு பெற்ற ஒரு சமூக அறிவியல் டீச்சரும், தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணனும், என் ஜூனியர் பெண்ணும் அந்த மூன்றாவதில் கை வைத்திருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பைத்தான் எடுக்கிறோம். பத்தாம் வகுப்பைக் கேட்டாலே ஹெச்.எம். முகம் மாறிவிடும். “பப்ளிக் எக்ஸாம் மேடம், அவங்கள மட்டும் விட்டுடுங்க.” சரி என்று விட்டுவிட்டோம். எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி பீரியட், அதாவது பி.டி. பீரியட். விளையாட விடாமல் பிடித்து வைத்தால் எந்தப் பிள்ளைக்கு உரிமை மேல் பிரியம் வரும்? அதனால் முதல் நாளே ஒரு ஒப்பந்தம்: பாதி நேரம் எங்களுக்கு, மீதி நேரம் கிரவுண்டுக்கு. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் விளையாடும் உரிமை 31-ஆவது பிரிவு என்று சொன்னதும் ஒரு பையன், “அப்போ முழு பீரியடும் எங்களுக்குத்தானே மேடம்?” என்றான். அவனைத்தான் முதலில் குழுவில் சேர்த்தேன்.

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி கோடு: பார்த்தது, கேட்டது, நினைத்தது. பயிற்சியில் பாதி இந்த நோட்டுதான். பிள்ளைகளிடம் ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்டபோது, அணைக்கட்டு பக்கத்துப் பள்ளி ஒன்றில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது பஸ். சாயங்காலம் பள்ளி விட்டால் பஸ் நிற்பதில்லை. எழுதுங்கள் என்றேன். வந்தவை: ‘பஸ் நிற்கவே நிற்காது.’ ‘டிரைவருக்குத் திமிர்.’ ‘இலவச பாஸ் என்பதால் எங்களை மனிதராக மதிப்பதில்லை.’ ‘அரசாங்கம் கிராமத்தை ஒதுக்குகிறது.’ இவற்றில் எதெல்லாம் பார்த்தது, எதெல்லாம் நினைத்தது என்று பிரிக்கச் சொன்னால் ஒரே சண்டை. ‘திமிர்’ என்பதைப் பார்த்த பத்தியில்தான் போடுவேன் என்று ஒரு பெண் அடம் பிடித்தாள். அவர் கையை இப்படி ஆட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன் என்றாள். அப்படியென்றால் கையை ஆட்டினார் என்று எழுது, திமிரைப் படிக்கிறவர் தெரிந்துகொள்வார் என்றார் டீச்சர்.

அப்புறம் நிறுத்தத்தில் நின்று எழுதினார்கள். எந்த பஸ், எத்தனை மணி, நின்றதா, எத்தனை பேர் காத்திருந்தார்கள், உள்ளே கூட்டம் எப்படி. இரண்டு வாரம். கைக்கடிகாரம் ஒருவனிடம்தான் இருந்தது, அவனுக்குத் திடீரென்று ஊரில் மரியாதை கூடிவிட்டது.

நோட்டைப் புரட்டியபோது பிள்ளைகள் நினைத்த கதை அதில் இல்லை. பஸ் நிற்காத நாட்களில் எல்லாம் அது படிக்கட்டு வரை நிரம்பி வந்திருந்தது. கூட்டம் குறைந்த நாட்களில் நின்றிருந்தது. ஏன் சாயங்காலம் மட்டும் இவ்வளவு கூட்டம்? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் போய்க் கேட்டார்கள். அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு டிரிப்பை நிறுத்திவிட்டார்கள், அதில் போக வேண்டியவர்கள் எல்லாம் இதில் ஏறுகிறார்கள் என்றார். டிரைவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்த மனு, நிறுத்திய டிரிப்பைத் திரும்ப விட வேண்டும் என்று மாறியது. முதல் மனு போயிருந்தால் ஒரு டிரைவருக்கு மெமோ கிடைத்திருக்கும், பிள்ளைகள் அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்திருப்பார்கள். மனித உரிமைக்காரர்களுக்கு எவ்வளவு கோபம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பொறுமை வேண்டும் என்று நான் வாயால் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அடுத்தது பெறுநர். முதல் வரைவில் ‘மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள்’ என்று போட்டிருந்தார்கள். இது பிள்ளைகளின் தப்பு இல்லை, பெரியவர்களும் அப்படித்தான் எழுதுகிறோம். மேலே இருப்பவருக்குப் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்று நம்பிக்கை. அந்த மனு கோட்டையிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து மாவட்டத்துக்கு என்று இறங்கி இறங்கி, கடைசியில் நம் ஊர் ஆள் மேசைக்கே வரும். யார் மேசைக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் நேராக அங்கேயே கொடுத்துவிட்டு, மேலே இருப்பவருக்கு நகல் அனுப்பலாம். டிரிப் என்றால் பணிமனையின் கிளை மேலாளர். தெருவிளக்கு என்றால் ஊராட்சி. கழிப்பறை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு, அதில் பெற்றோர்தான் தலைவர் என்பது பல பெற்றோருக்கே தெரியாது. கிராம சபை என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதை ஒரு அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கடிதம் எழுதுவதில் மட்டும் நம் பள்ளிக்கூடம் ஏற்கனவே உதவி செய்திருக்கிறது. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் தமிழ்ப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகியதுதான். நாங்கள் சேர்த்தது கொஞ்சம்: ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. தேதி போட்ட அட்டவணை. நகல் கையில். ஒப்புகை வாங்காமல் வெளியே வராதே. ஒரு பையன் பஸ்ஸோடு சேர்த்து விளையாட்டு மைதானம், நூலகம், ஏ.டி.எம். என்று பதினோரு கோரிக்கை வைத்திருந்தான். மனசு வராமல்தான் அடித்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் இதே வகுப்பில்தான் எடுப்பேன். 2005 சட்டம், 10 ரூபாய் கட்டணம், நீதிமன்ற வில்லையாகவே ஒட்டலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘நாங்க சின்னப் பசங்க, எங்களுக்குப் பதில் தருவாங்களா?’ என்பது தவறாமல் வரும் கேள்வி. சட்டம் குடிமக்கள் என்று சொல்கிறதே தவிர வயது சொல்லவில்லை. 2012-இல் லக்னோவில் ஒரு பத்து வயதுச் சிறுமி, காந்திக்கு ‘தேசத் தந்தை’ என்ற பட்டம் எந்த ஆணையில் கொடுக்கப்பட்டது என்று கேட்டு பிரதமர் அலுவலகத்துக்கே மனு போட்டாள். அது உள்துறைக்குப் போய், தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், அப்படி ஓர் ஆவணம் இல்லை என்ற பதில் வந்தது. இந்தக் கதைக்குக் கிடைக்கிற கைதட்டல் என் வேறு எந்தக் கதைக்கும் கிடைப்பதில்லை.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு பள்ளியில் எடுத்த வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பாதிப் பிள்ளைகளின் அப்பா தோல் பதனிடும் டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில். இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் நம் ஊர் பெயரில் ஒரு வழக்கைப் படித்தே ஆக வேண்டும்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். தோல் கழிவு பாலாற்றில் கலந்து கிணறும் நிலமும் கெட்டது என்று 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். டெல்லியிலும் கொல்கத்தாவிலும் பையன்கள் இதை நெட்டுருப் போடுகிறார்கள். பேரணாம்பட்டில் ஒரு கை கூட உயரவில்லை.

தீர்ப்பைச் சொன்னதும் வகுப்பு சந்தோஷப்படும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, “மூடிட்டா எங்கப்பா இன்னா மேடம் பண்ணுவாரு?” என்றான். அவனுக்கு முன்னால் இருந்த பெண் திரும்பி, “எங்க கிணத்துத் தண்ணிய நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு” என்றாள். அவள் வீட்டில் நிலம் இருந்திருக்கிறது, இப்போது அவள் அண்ணனும் ஷூ கம்பெனிக்குத்தான் போகிறான். அன்றைக்கு கிரவுண்டுக்கு யாரும் போகவில்லை. வேலை உரிமை பெரிதா, தண்ணீர் உரிமை பெரிதா என்று பட்டிமன்றம் மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கிற செலவு யாருடையது என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். அந்தப் பையனே, “அப்போ ஓனர்தானே கட்டணும், எங்கப்பா இல்லையே?” என்றான். நீதிபதிகள் சொன்னதும் அதைத்தான்.

எங்கள் அண்ணன் சும்மா இருக்காமல் ராணிப்பேட்டைக் கதையையும் சொன்னார். 2015 ஜனவரி கடைசியில் அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டியதே ஆளைக் கொன்றது என்றார். சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்கு முடித்திருந்த பிள்ளைகளுக்கு அது கஷ்டமாக இருந்தது. இருக்கட்டும். பாலாறு வழக்கும் இன்னும் முடிந்தபாடில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்லி, உத்தரவுகள் நிறைவேறுகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு இப்போது அந்த வகுப்பில் உட்காரும் வயதில் பிள்ளை இருக்கலாம்.

சாதி பற்றிய வகுப்பை நான் மூன்றாவது நான்காவது வாரத்துக்கு முன்னால் எடுப்பதில்லை. ஒரே பெஞ்சில் ஊரும் காலனியும் உட்கார்ந்திருக்கும். அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று நான் ஆரம்பித்தால், ஒரு பாதி தலையைக் குனியும், இன்னொரு பாதி ஜன்னலைப் பார்க்கும். அதனால் சட்டத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததைச் சொல்வேன். சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலத்துக்காரர்கள் அடைத்துவிட்டதால், தலித் மக்கள் இறந்தவர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வீடியோ பரவி, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அப்புறம் கேட்பேன்: பாலத்தின் மேல் நின்றவர்களில் நீ ஒருவன் என்றால் நோட்டில் என்ன எழுதுவாய்? உனக்கு அந்த நிலம் சொந்தம் என்றால் என்ன எழுதுவாய்? இரண்டையும் எல்லாரும் எழுத வேண்டும். யாரையும் படிக்கச் சொல்வதில்லை. நோட்டை நானும் டீச்சரும் மட்டும் பார்ப்போம்.

எந்தச் சாதி என்று காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு இந்த வகுப்பில் வராமல் இருக்காது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சாதியின் பேரில் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. தென் மாவட்டப் பிரச்சினை என்று இங்கே ஆசிரியர்கள் சொல்வார்கள். பிள்ளைகளைக் கேட்டால் எந்தக் கலர் யாருடையது என்று தயங்காமல் சொல்லுவார்கள்.

இனி, நாங்கள் செய்ய விடாதவை. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு உரிமை என்று சொன்னதும் சினிமாதான் ஓடுகிறது. செங்கல் சூளைக்குள் புகுந்து செல்போனில் வீடியோ எடுத்து முதலாளியை மாட்டிவிட வேண்டும் என்று ஒருவன் திட்டமே போட்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னால் என்னைக் கோழை என்று நினைப்பான், நினைக்கட்டும். எங்கள் விதி எளிது. எந்தப் பிள்ளையும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது, யாரையும் நேரில் தட்டிக் கேட்கக் கூடாது, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பெரியவர்கள் வாங்க வேண்டிய அடியைப் பிள்ளைகள் வாங்குவதற்குப் பெயர் பயிற்சி கிடையாது.

கொத்தடிமை பற்றிப் பேசும்போது 2019 ஜூலையில் பத்திரிகைகளில் வந்த ஒரு படத்தைக் காட்டுவேன். நம் நெமிலி பக்கத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்ட நாள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுகிறார். கொத்தடிமை முறை 1976 சட்டத்தில் ஒழிக்கப்பட்டது. ‘ஆபீசர் அவரு வேலையத்தானே செஞ்சாரு, தாத்தா எதுக்கு விழணும்?’ என்று ஒரு பெண் கேட்டாள். நான் ஏதும் சொல்லவில்லை, வகுப்பு ரொம்ப நேரம் அதைப் பேசியது. பிறகு விடுதலைச் சான்றிதழ் என்றால் என்ன, அது கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி எப்படி நின்றுபோகும் என்பதை அண்ணன் விளக்கினார். அவர் அந்த வேலையைச் செய்தவர், அவர் சொன்னால் எடுபடும்.

குழந்தைத் திருமணம்தான் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான விஷயம், ஏனென்றால் அது பக்கத்து பெஞ்சில் நடக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது 2006 சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டால் சொன்னவர் பெயர் வெளியே வராது. மாவட்ட சமூகநல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். இதெல்லாம் இப்போது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு ஆவணி மாதத்தில் எங்கள் குழுப் பிள்ளைகள் கொடுத்த தகவலில் ஒரு கல்யாணம் நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், எழுதி வாங்கினார்கள், போனார்கள். அந்தப் பெண் மட்டும் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. பந்தல் போட்ட கடன், ஊர்ப் பேச்சு, அப்பாவின் கோபம் எல்லாம் அவள் தலையில். யார் சொன்னது என்று ஊரே தேடியது.

அதற்குப் பிறகுதான் பயிற்சியில் புதிதாக ஒன்று சேர்ந்தது, அதையும் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். அவளோடு படித்த பெண்கள் கோயிலுக்குப் போகிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனார்கள். நோட்டுகளைக் கொடுத்தார்கள். அவள் அம்மாவிடம் பூ கேட்டு வாங்கினார்கள். உரிமை என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை, அரையாண்டுக்கு வந்தாள். எந்தச் சட்டத்திலும் இந்த வேலைக்குப் பிரிவு கிடையாது, எந்தப் பேச்சுப் போட்டியிலும் இதற்கு டிபன் பாக்ஸ் கிடையாது. எங்கள் பிள்ளைகள் செய்ததில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கறாராகச் சொல்லிவிடுவேன். ஒரு தோழி உன்னிடம் தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பெரியவர்கள் தெரிந்தும் மறைத்தால் குற்றம். பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை இல்லை. உன் வேலை அவளைத் தனியாக விடாமல் நம்பகமான ஒரு பெரியவரிடம் கூட்டிப் போவது. அந்தப் பெரியவர் யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். சில பிள்ளைகளின் கடைசிப் பக்கம் காலியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாட்கள் கஷ்டமான நாட்கள்.

ஆசிரியர்களுக்கு எங்கள் மேல் ஒரு பயம் உண்டு. ஒரு தமிழ் ஐயா வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: “மேடம், நீங்க இப்படிச் சொல்லிக்குடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு எங்க மேலேயே மனு போட்டா?” போடலாம். கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது, அதையும் நான் நடத்துகிறேன். அவர் சிரித்துவிட்டு, பிரம்பை எப்போதோ பீரோவில் வைத்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் வேலை, இதற்கு நடுவில் ஆசிரியரின் உரிமையைப் பற்றி எந்தப் பேச்சுப் போட்டியும் நடப்பதில்லை. அடுத்த முறை நோட்டை அவருக்கும் ஒன்று கொடுத்தேன். எழுதுகிறார் என்று கேள்வி.

பஸ் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மனு கொடுத்த கொஞ்ச நாளில் அந்த டிரிப் திரும்ப வந்தது. பொங்கல் லீவு முடிந்து பார்த்தால் மறுபடி காணோம். பிள்ளைகள் நொந்துபோனார்கள். வாச்சாத்திக் கதையைச் சொன்னேன். தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், 1992 ஜூனில் அரசு ஆட்களே மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். தீர்ப்பு வந்தது 2011-இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள், அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். அந்த ஊர்ப் பெண்கள் இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். “அப்போ எங்க பஸ்ஸுக்கு 31 வருஷம் ஆகுமா மேடம்?” என்றான் அந்தக் கைக்கடிகாரக்காரன். கணக்கில் கெட்டிக்காரன்.

இரண்டாவது மனு தயார். இந்தத் தடவை பழைய ஒப்புகைச் சீட்டின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் கலெக்டரிடமே கொடுப்பது என்று முடிவு. இங்கேதான் சிக்கல். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி. பெற்றோருக்கு வேலை, ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. குறை இருக்கிற ஜனங்கள் எல்லாருமே வேலைக்குப் போகிற நாளில்தான் குறை கேட்கிறார்கள். மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கூட வருவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளில் நாலு பேருக்கு மட்டும் அனுமதி வேண்டும், ஆப்சென்ட் போடாமல்.

ஹெச்.எம். வாயால் சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் எனக்குப் போன்.

“மேடம், உங்க பசங்க என்கிட்டயே மனு குடுக்குறாங்க. அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு.”

“நல்லது மேடம். வாங்கிக்கிட்டீங்களா?”

“வாங்கிக்கிட்டேன். நகல்ல கையெழுத்து கேக்குறாங்க.”

“போட்டுக் குடுத்துடுங்க மேடம்.”

“போட்டாச்சு. இப்போ ஆபீஸ் சீல் வேணும்னு வாசல்ல நிக்கிறாங்க.”